யாரும் வெட்டாத புல்

அத்தியாயம் 14

டெஸ் லூபி ஐஸ்கிரீம் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் மாதத்தில் கில்லரா கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்கள் யாரும் இதற்குச் சிரிக்க மாட்டார்கள். சைப்ரஸ் மரத்தில் குஞ்சு பொரித்திருக்கும் மேக்பைப் பறவைக்கு மனிதர்களின் உச்சந்தலையைக் கண்டாலே ஆகாது. பாய்ந்து வந்து ஒரு கொத்து கொத்திவிட்டுப் போகும். பின்னந்தலையிலும் கண் இருந்தால் கிட்டே வராது என்பது ஊர் நம்பிக்கை. அதனால் டப்பாவின் பின்பக்கம் இரண்டு முட்டைக் கண்கள். டிரிஷ் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் மாமாவுக்கென்று வரைந்து கொடுத்தவை.

அந்த டிரிஷ்ஷோடு மாமா பேசி ஒரு வாரம் ஆகிவிட்டது.

வாசலில் காரை நிறுத்திய பெர்னி அண்ணனின் டப்பாவைப் பார்த்தாள். பிறகு பக்கத்து சீட்டில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"நான் வரைஞ்ச கண்ணு மட்டும் வேணுமாம். நான் வேண்டாமாம்" என்றாள் டிரிஷ்.

"வாயை மூடிக்கிட்டு அந்தப் பிளாஸ்க்கை எடுடி. நாளைக்கு இருநூறு பேர் வந்து நிக்கப்போறாங்க. இன்னிக்கு ஒரு நாளாவது சண்டை இல்லாம இருங்க ரெண்டு பேரும்."

போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் நடந்த சண்டை பெர்னியின் காதை விட்டு இன்னும் போகவில்லை. டிரிஷ் நீல் ஹாட்ஜின்ஸைக் கட்டிக்கொள்வதை டெஸ் ஒருவழியாக விழுங்கிவிட்டார். பையன் நல்லவன், விடியுமுன் எழுந்து பால் கறக்கிறவன், ஊர் ஃபுட்பால் அணியில் ஓடியாடி விளையாடுகிறவன். ஆனால் கல்யாணம் ஹாட்ஜின்ஸ் வீட்டார் போகும் புரொட்டஸ்டன்ட் சர்ச்சில் என்று தெரிந்ததும், பாதிச் சாப்பாட்டில் முள்கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"லூபி குடும்பத்துப் பொம்பளை யாரும் அந்த வாசப்படியை மிதிச்சதில்ல. நானும் மிதிக்க மாட்டேன். உன்னைக் கைபிடிச்சுப் பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போக வேற ஆளைப் பாத்துக்க. எலிசாவோட ஜெபமாலையும் அந்தப் பக்கம் வராது."

எலிசா அவர்களுடைய கொள்ளுப்பாட்டி. அயர்லாந்திலிருந்து வந்த கப்பல் புயலில் ஆடியபோதெல்லாம் அவள் கணவன் மைக்கேல் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஜெபமாலையைத்தான் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாளாம். லூபி வீட்டு மணப்பெண்கள் எல்லோரும் பூங்கொத்தோடு சேர்த்து அதைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். பெர்னியும் நடந்திருக்கிறாள்.

டிரிஷ்ஷுக்கு ஆறு வயதிருக்கும்போதே அவள் அப்பா பிராங்க் இறந்துபோய்விட்டார். சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தது, டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, பள்ளிக்கூட விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டி மானத்தை வாங்கியது எல்லாம் மாமாதான். "வரலைன்னா போகட்டும், நான் தனியாவே நடந்து போறேன்" என்று டிரிஷ் வீராப்பாகச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் பெர்னிக்குத் தெரியும். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். அண்ணன் இல்லாத கல்யாணத்தைப் பெர்னியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இத்தனைக்கும் நடுவில் இந்தக் குடும்ப விழா வேறு.

ஆஸ்திரேலியாவுக்கு இருநூறு வயது என்று நாடே கொண்டாடிக்கொண்டிருந்த வருஷம் அது. வீட்டுக்கு வீடு முன்னோரைத் தேடும் பைத்தியம் பிடித்திருந்தது. லூபி குடும்பத்தில் அந்தப் பைத்தியம் பெர்னியை இரண்டு வருஷம் முன்பே பிடித்துவிட்டது. மைக்கேல் லூபியும் எலிசாவும் அயர்லாந்தின் டிப்பரரியிலிருந்து கப்பலேறி வந்து, இந்தக் கறுப்பு மண்ணில் உருளைக்கிழங்கு போட்டு, ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவர்கள். மைக்கேலின் கல்லறை இருக்கிறது. எலிசாவினுடையதைத்தான் காணோம். இதே தோட்டத்தில் அடக்கம் செய்ததாக இறப்புச் சான்றிதழ் சொன்னது. அடக்கம் செய்து வைத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. "சாமியாருக்கு அன்னிக்குக் காய்ச்சலா இருந்திருக்கும்" என்று டெஸ் தீர்ப்பு சொல்லிவிட்டார். டிப்பரரியில் கேட்டதற்கு, எலிசா ஹார்டிங் என்ற அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரில் யாருக்கும் அங்கே ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று பங்குச் சாமியார் கையை விரித்துவிட்டார். இங்கேயோ, கத்தோலிக்கர் பக்கத்தில் இருக்கும் கல் ஒவ்வொன்றையும் பெர்னி பிரஷ் வைத்துத் தேய்த்துப் படித்தாகிவிட்டது. இரண்டு வருஷ உழைப்பு. பலன் பூஜ்யம்.

வாசலிலிருந்து நேராக ஒரு பாதை தோட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது. இடது பக்கம் கத்தோலிக்கர்கள், வலது பக்கம் புரொட்டஸ்டன்ட்கள். இடது பக்கப் புல்லை டெஸ் வெட்டுவார். வலது பக்கம் ரஸ்ஸல் ஹாட்ஜின்ஸ், அதாவது நீலின் அப்பா. இருபது வருஷமாக இருவரும் ஒரே சனிக்கிழமையில், ஒரே நேரத்தில் வந்து வெட்டுகிறார்கள். இரண்டு இயந்திரங்களும் போடுகிற சத்தத்தில் பேசிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருவருக்குமே ஏற்பட்டதில்லை.

நடுவில் இருக்கும் பாதையை யார் வெட்டுவது? அது அவர்கள் சொத்து என்று டெஸ் சொல்வார். அது இவர்கள் சொத்து என்று ரஸ்ஸல் நினைத்திருக்க வேண்டும். முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்து கிடந்தது.

சின்ன வயதில் அம்மா சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பாதையைத் தாண்டினால் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மற்ற பாவங்களோடு அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று. பெர்னிக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. தாண்டக் கூடாது என்று அவள் உட்கார்ந்து யோசித்ததெல்லாம் கிடையாது. கால் தானாகத் திரும்பிவிடும், அவ்வளவுதான்.

பதினோரு மணிவாக்கில் லாரி வந்தது. நாளைக்குத் திறந்து வைக்க வேண்டிய புதுக் கல் அதில் இருந்தது. பளபளவென்று கறுப்புக் கல்லில் பொன் எழுத்து: மைக்கேல் லூபி, அவர் மனைவி எலிசா. அவள் உறங்கும் இடம் ஆண்டவர் ஒருவருக்கே தெரியும்.

கடைசி வரி டெஸ் எழுதியது. படிக்கும்போதெல்லாம் அவரே கைக்குட்டையைத் தேடுவார்.

"எங்க இறக்கணும்?" என்று கேட்டார் லாரிக்காரர்.

"இதோ, பெரியவர் பக்கத்துல."

லாரிக்காரர் மைக்கேலின் கல்லறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "இங்க ஏதுங்க இடம்? இந்தப் பக்கம் வடிகால், அந்தப் பக்கம் பாதை. ஆமா, இந்தப் பக்கத்துலயே முதல்ல இடம் வாங்கினவரு இவருன்னு சொன்னீங்க. முன்வரிசை மொத்தமும் இருக்கும்போது இப்படி ஓரத்துல வந்து ஏன் படுத்தாரு?"

"அடக்கமான மனுஷன்" என்றார் டெஸ்.

"வடிகாலை ஒட்டியா?"

"அவ்வளவு அடக்கம்."

பெர்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கமா? லூபி ரோடு, லூபி பாலம், லூபி மேடு என்று தன் பெயரையே ஊர் முழுக்க ஒட்டிவிட்டுப் போன மனிதர் அவர். கோயிலில்கூட முதல் பெஞ்சை விட்டுக்கொடுக்காதவர் என்று சொல்வார்கள். அப்படிப்பட்டவர் செத்த பிறகு மட்டும் கடைசி வரிசைக்கு எதற்கு வந்தார்? இத்தனை நாள் இந்தக் கேள்வி தனக்குத் தோன்றவே இல்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மைக்கேலின் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் படுத்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? பாதை. உயர்ந்த புல். அதற்கு அந்தப் பக்கம் ரஸ்ஸலின் சிவப்புப் பெட்ரோல் கேன், அதன் பக்கத்தில் அவருடைய பிளாஸ்க். மேடும் பள்ளமுமான அந்த மண்ணில் இரண்டும் மேஜைமேல் வைத்த மாதிரி ஆடாமல் நின்றுகொண்டிருந்தன.

"ரஸ்ஸல்!" என்று கத்தினாள்.

ரஸ்ஸல் இயந்திரத்தை நிறுத்தினார். அவர் தலையில் ஐஸ்கிரீம் டப்பா கிடையாது, பழைய கிரிக்கெட் ஹெல்மெட்.

"கேனை எது மேல வச்சிருக்கீங்க?"

"கல்லு மேல."

"என்ன கல்லு?"

"ஏதோ பழைய கல்லு, விழுந்து கிடக்கு. எங்கப்பா காலத்துலயே கிடந்துச்சு. கேன் வைக்க வாகா இருக்கும்."

"எழுத்து?"

"அடியில இருக்கலாம். குப்புற விழுந்திருக்கே." சொல்லிக்கொண்டே வந்த ரஸ்ஸல், பெர்னியின் முகத்தைப் பார்த்ததும் கேனை எடுத்து ஓரமாக வைத்தார். "ஏன், என்ன விஷயம்?"

பெர்னி பாதைவரை ஓடினாள். அங்கே நின்றுவிட்டாள்.

"என்னம்மா?" என்றாள் பின்னால் வந்த டிரிஷ்.

"கால் வரமாட்டேங்குதுடி."

"நான் நீலோட எத்தனையோ தடவை தாண்டியாச்சு. ஒண்ணும் ஆகல, வா." டிரிஷ் கையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். பெர்னி புல்லுக்குள் தடுமாறி, அந்தப் பக்கத்தில் போய் நின்றாள். இடி எதுவும் விழவில்லை. அங்கேயும் அதே கறுப்பு மண்தான்.

லாரிக்காரர் கடப்பாரையோடு வந்தார். அவரும் ரஸ்ஸலும் நெம்ப, பெர்னியும் டிரிஷ்ஷும் தாங்கிப் பிடிக்க, கல் ஒரு பெருமூச்சுச் சத்தத்தோடு மண்ணை விட்டு எழுந்தது. சைப்ரஸ் மரத்தில் அதைச் சாய்த்து நிறுத்தினார்கள். மண் அப்பிக் கிடந்தது. தண்ணீர் கைவசம் இல்லை. டிரிஷ் பிளாஸ்க்கைத் திறந்து, மாமாவுக்கென்று கொண்டுவந்த தேநீரைக் கல்லின்மேல் ஊற்றிக் கையாலேயே தேய்த்தாள்.

முதலில் 'எ' தெரிந்தது. பிறகு முழுப் பெயரும் தெரிந்தது. எலிசா. மைக்கேல் லூபியின் அன்பு மனைவி. டிப்பரரியில் பிறந்தவள்.

"அடிப்பாவி" என்றாள் பெர்னி. "இங்கயா இருந்தே!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டு வருஷமாகத் தான் கடல் தாண்டியெல்லாம் தேடிய எலிசா, பத்தடி தூரத்தில் பெட்ரோல் கேனைச் சுமந்துகொண்டு கிடந்திருக்கிறாள். ரஸ்ஸல் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தப்பு செய்த பள்ளிக்கூடத்துப் பையனைப்போல நின்றார். "சத்தியமா எனக்குத் தெரியாது பெர்னி. தெரிஞ்சிருந்தா இருபது வருஷமா பெட்ரோலை வச்சிருப்பேனா?"

"அங்க என்ன கூட்டம்?" டெஸ் பாதையின் விளிம்புவரை வந்து நின்றிருந்தார். "கல்லை எங்க இறக்குறதுன்னு தெரியாம நான் இங்க திண்டாடிட்டிருக்கேன். நீங்க அவங்க கல்லைப் போய் நிமித்திட்டு இருக்கீங்க."

"அவங்க கல்லு இல்லண்ணே. எலிசா."

"எந்த எலிசா?"

"நம்ம எலிசா."

"அது வேற யாராவது எலிசாவா இருக்கும். ஊருக்கு ஒம்பது எலிசா."

"மைக்கேல் லூபியோட மனைவின்னு போட்டிருக்கு."

"வேற மைக்கேல்."

"அண்ணே!"

டெஸ் கல்லையே உற்றுப் பார்த்தார். டப்பாவுக்கு அடியில் அவர் முகம் சிவந்து வெளுத்தது.

"அப்போ அவ... அவங்க ஆளா?"

"ஆமாண்ணே. அதான் நம்ம சாமியார்கிட்ட ஞானஸ்நானம் இல்ல. அதான் அடக்கம் பண்ண நம்ம சாமியார் வரல. வந்த போதகர் பேரைச் சான்றிதழ்ல எழுத நம்ம வீட்டுல யாருக்கும் மனசு வரல."

"ஒம்பது புள்ளைங்களையும் கத்தோலிக்கராத்தானே வளத்தா?"

"ஒண்ணு விடாம. ஞாயித்துக்கிழமை புள்ளைங்களை நம்ம கோயில்ல விட்டுட்டு, அவ மட்டும் அந்தச் சர்ச்சுக்குப் போயிருப்பா. எனக்கு அப்படித்தான் தோணுது."

லூபி குடும்பத்துப் பொம்பளை யாரும் மிதிக்காத வாசப்படி. டிரிஷ் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். பெர்னி அவள் காலை ஓங்கி மிதித்தாள்.

டெஸ் திரும்பி மைக்கேலின் கல்லறையைப் பார்த்தார். பிறகு எலிசாவின் கல் கிடந்த பள்ளத்தைப் பார்த்தார். இரண்டும் நேருக்கு நேர். நடுவில் பாதை மட்டும்தான். பெர்னியும் இப்போதுதான் அதை முழுசாகப் பார்த்தாள்.

"அவ முதல்ல போயிட்டா" என்றாள் மெதுவாக. "அவங்க ஆளுங்க அவருக்கு அவ பக்கத்துல இடம் கொடுத்திருக்க மாட்டாங்க. நம்ம ஆளுங்களும் விட்டிருக்க மாட்டாங்க. அதான் முன்வரிசையை விட்டுட்டு, எவ்வளவு கிட்ட வரமுடியுமோ அவ்வளவு கிட்ட வந்து படுத்திருக்காரு. அடக்கமும் இல்ல ஒண்ணும் இல்லண்ணே. பொண்டாட்டிமேல ஆசை."

டெஸ் ஐஸ்கிரீம் டப்பாவைத் தலையிலிருந்து எடுத்தார். அதற்காகவே காத்திருந்தாற்போல மேக்பை பாய்ந்து வந்து அவர் வழுக்கையில் ஒரு கொத்து வைத்தது. அவர் அசையவில்லை. டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். சிரிக்க வேண்டிய காட்சிதான். யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

பிறகு டப்பாவை மாட்டிக்கொண்டு, திரும்பி நடந்தார்.

பெர்னி அவர் முதுகையே பார்த்தாள். போகிறார். காரை எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறார். நாளைக்கு விழாவிலும் இல்லை, மூன்று வாரம் கழித்துக் கல்யாணத்திலும் இல்லை. கல்லைக் கண்டுபிடித்த கை அண்ணனைத் தொலைத்துவிட்டதே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

"மாமா!" என்று டிரிஷ் கத்தினாள். அவர் திரும்பவில்லை.

புல் வெட்டும் இயந்திரம் உறுமியது.

டெஸ் அதைத் தள்ளிக்கொண்டு பாதையின் தொடக்கத்துக்கு வந்தார். முழங்கால் புல்லில் அது இரண்டு தடவை திணறி நின்றது. இரண்டு தடவையும் திட்டிக்கொண்டே கயிற்றை இழுத்தார். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. ஒரு பட்டை வெட்டிக்கொண்டு வந்தார். ரஸ்ஸல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தன் இயந்திரத்தைப் பாதையின் அடுத்த முனைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

இரண்டு பேரும் மைக்கேலுக்கும் எலிசாவுக்கும் நடுவில் வந்து சந்தித்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். இருபது வருஷத்துக்குப் பிறகு வந்த அந்த அமைதியில் ஒருவர் இயந்திரத்தை மற்றவர் குனிந்து பார்த்தார்கள்.

"உன் மிஷின் பிளேடு மழுங்கியிருக்கு" என்றார் டெஸ் கடைசியில்.

"உன்னுது புகையுது" என்றார் ரஸ்ஸல்.

"இன்னும் ஒரு வரி இருக்கு!" டிரிஷ் கல்லின் அடிப்பகுதியில் மிச்சத் தேநீரை ஊற்றி, நகத்தால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "இந்தக் கல்லை நாட்டியவர்கள்... அவள் கணவனும்... உடன்பிறந்த அக்கா மேரி ஹாட்ஜின்ஸும்."

"மேரியா?" ரஸ்ஸல் குனிந்து பார்த்தார். "மேரி என் கொள்ளுப்பாட்டி. டிப்பரரிக்காரி. கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க பேரு மேரி ஹார்டிங்."

"ஹார்டிங்கா?" பெர்னி அலறினாள். "ரெண்டு வருஷமா அந்தப் பேரை எங்கெல்லாம் கேட்டிருக்கேன்! ஏன் சொல்லல?"

"என்கிட்ட யாரும் கேக்கலையே" என்றார் ரஸ்ஸல் பரிதாபமாக.

அது உண்மைதான். உலகம் முழுக்கக் கேட்ட பெர்னி, பாதைக்கு அந்தப் பக்கம் மட்டும் கேட்கவில்லை.

"அப்போ நானும் நீலும் சொந்தமா?" டிரிஷ்ஷின் குரல் கீச்சிட்டது.

"தலைமுறை அஞ்சு தாண்டியாச்சு. எந்தச் சாமியாரும் கண்டுக்க மாட்டாங்க" என்றாள் பெர்னி.

டெஸ் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். புதுக் கல்லைப் பார்த்தார். ஆண்டவர் ஒருவருக்கே தெரியும் என்று அது பளபளத்தது. வெட்டிய பாதையைப் பார்த்தார். பிறகு காலைத் தூக்கி வைத்து, அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக அந்தப் பக்கம் வந்து, டிரிஷ்ஷின் முன்னால் நின்றார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல" என்றார். "நான் பொண்ணு வீட்டுக்காரனா, மாப்பிள்ளை வீட்டுக்காரனா? சர்ச்சுல எந்தப் பக்கம் உக்காரணும்?"

"நீங்க உக்காரவே வேண்டாம் மாமா" என்றாள் டிரிஷ். மண் படிந்த கையை நீட்டினாள். "என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வந்தா போதும்."

"அதுக்கென்ன, நடந்துட்டாப் போச்சு. இந்த டப்பாவைக் கழட்டிட்டுத்தான் வரணுமா?"

டிரிஷ் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெர்னியும் அழுதாள். லாரிக்காரர்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கல்லை எங்கே இறக்குவது என்று இனிமேலாவது யாராவது சொல்வீர்களா என்று கேட்டார்.

டெஸ் சட்டைப் பையில் கைவிட்டு ஜெபமாலையை எடுத்தார். தேய்ந்துபோன மர மணிகள், சின்ன வெள்ளிச் சிலுவை. ஒரு வாரமாக அது அந்தப் பையிலேயே இருந்திருக்கிறது. கொடுக்க மாட்டேன் என்று சொன்னவர் அதைக் கையோடு கொண்டு திரிந்திருக்கிறார். பெர்னிக்கு அண்ணன்மேல் இருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"இந்தா, பிடி" என்று டிரிஷ்ஷின் கையில் வைத்தார்.

வைத்த கையை எடுக்கவில்லை. ஏதோ தோன்றியவராக, மணிகளையும் எலிசாவின் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெர்னி, எலிசா அவங்க ஆளுன்னா ஜெபமாலை பிடிக்க மாட்டாளே?"

"மாட்டா."

"அப்போ கப்பல்ல இதை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மைக்கேல் பக்கத்துல உக்காந்திருந்தவ யாரு?"